படம் நின்றுவிட்டதா, மலைதான் அசையவில்லையா? நேரலைக் கெமராவும் நம் பிரவுசரும்

எங்கோ ஒரு கூரையிலோ கம்பத்திலோ பொருத்திய கெமரா, தான் பார்ப்பதை இணையம் வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நாம் ஒரு பக்கத்தைத் திறந்து அதைப் பார்க்கிறோம். வெளியிடத்து நேரலைக் கெமரா என்பது இவ்வளவுதான். ஹட்டனில் உட்கார்ந்துகொண்டு ஜப்பானின் புஜி மலையைப் பார்க்கலாம். அலாஸ்காவில் கரடி மீன் பிடிப்பதைப் பார்க்கலாம். கொரியாவில் மகன் வேலை செய்யும் ஊரில் இன்று பனி கொட்டுகிறதா என்று தலவாக்கலையில் இருந்தபடியே ஒரு தாய் பார்த்துவிடலாம். படம் ஒழுங்காக வரும்வரை இதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. வராத நாளில்தான், நமக்கும் அந்தக் கெமராவுக்கும் நடுவே எத்தனை கை மாறுகிறது என்பது தெரியவரும்.

லயத்துப் பீலியில் (தோட்ட வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர் வாயில்) தண்ணீர் வராவிட்டால் நாம் பீலியைத் தட்டிக்கொண்டே நிற்பதில்லை. நடுவில் குழாய் கழன்றதா, மேலே தாங்கி நிரம்பவில்லையா, ஊற்றே வற்றிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே மேட்டில் ஏறுவோம். பிரவுசர் என்பது கடைசியில் இருக்கும் அந்தப் பீலி. ஆனால் கெமரா படம் வராவிட்டால் மட்டும் எல்லாரும் பீலியையே தட்டுகிறார்கள்: போனை அணைத்துப் போடுவது, பிரவுசரை அழித்துவிட்டு மறுபடி இறக்குவது, சேமித்த பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் சேர்த்துத் துடைப்பது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு. அந்தப் பக்கம் காட்டுவது எந்த வகை நேரலை? படத்தின் மூலையில் என்ன நேரம் போட்டிருக்கிறது?

வகையை முதலில் பார்ப்போம். மிகப் பழையதும் எளியதும், அடிக்கடி மாறும் புகைப்படம். சில வினாடிக்கு ஒருமுறையோ சில நிமிடத்துக்கு ஒருமுறையோ கெமரா ஒரு படம் எடுத்து அனுப்பும்; பக்கம் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். சான் பிரான்சிஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் 1994இல் தொடங்கிய ‘ஃபொக்கேம்’ இந்த வகைதான். ஊரின் மூடுபனியைக் காட்டவே வைத்த கெமரா அது. 2019இல் மூடப்போவதாக அறிவித்தார்கள். பிறகு மூடாமல் தொடர்ந்தார்கள். மூடுபனி பார்க்க நுவரெலியாக்காரருக்கு இணையம் தேவையில்லை, ஜன்னலைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே வரும் என்பது வேறு விஷயம்.

அடுத்தது, துண்டு துண்டாக வரும் வீடியோ. ஆப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் என்ற முறை இது. கெமராவின் காட்சியைச் சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி வரிசையாக வைப்பார்கள். பிரவுசர் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி ஒட்டிக் காட்டும். சில துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். அதனால் நேரலை என்று சொன்னாலும் பத்து, இருபது, முப்பது வினாடி பிந்தித்தான் பார்க்கிறோம். அங்கே நிற்பவர் வட்ஸ்அப்பில் “இப்ப கை காட்டுறேன், தெரியுதா?” என்று கேட்டால், கொஞ்சம் பொறுத்துத்தான் தெரியும். அது பழுது அல்ல. இன்று ஏராளமான தளங்கள் இதையும் விட்டுவிட்டு யூடியூப் நேரலையைத் தங்கள் பக்கத்துக்குள் பதித்துவிடுகின்றன.

இனி மூலையில் உள்ள நேரம். பல கெமராக்கள் படத்தின்மேலேயே திகதியையும் மணியையும் அச்சடிக்கும். “தம்பி, காலையிலிருந்து இந்த மலை அசையவே இல்லை, போன்ல ஏதோ கோளாறு” என்று ஒரு பெரியம்மா சொன்னால் சிரிக்கக் கூடாது. மலை அசையாது என்பதுதான் இங்கே உண்மையான சிக்கல். வீதிக் கெமரா நின்றுபோனால் வாகனத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். மலைக் கெமரா நின்றுபோனால் மணியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மணி ஓடுகிறது என்றால் கெமரா, இணைப்பு, பிரவுசர் மூன்றும் நலம். மணி நின்றிருக்கிறது என்றால் எங்கோ அடைப்பு. மணியே போடாத கெமரா என்றால் மேகத்தையோ நிழலையோ ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள்.

அந்த மணி நம்முடைய மணி அல்ல என்பதை மறந்துவிட வேண்டாம். இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. சில கெமராக்கள் தங்கள் ஊர் நேரத்தைக் காட்டும், சில யூடிசி எனப்படும் அந்தப் பொது நேரத்தைக் காட்டும். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குப் புஜி மலையைத் திறந்தால் கறுப்புத் திரைதான் வரும், ஏனென்றால் ஜப்பானில் அப்போது இரவு பதினொன்றரை. பகல் ஒரு மணிக்குள் பார்த்துவிடுங்கள். அலாஸ்காவில் கட்மாய் தேசியப் பூங்காவின் புரூக்ஸ் அருவிக் கரடிகளுக்கு இது நேர் எதிர்: கோடையில் அந்த ஊர் நம்மைவிடப் பதின்மூன்றரை மணி பின்னால், அதனால் நமக்கு இரவு எட்டு என்றால் அங்கே காலை ஆறரை. அந்தக் கரடிகள் ஆற்றுக்கு வருவதும் கோடையிலும் அதை ஒட்டிய மாதங்களிலும்தான். மற்றக் காலத்தில் அந்தப் பக்கத்தில் பழைய பதிவுகள் ஓடும். எங்காவது சின்ன எழுத்தில் ‘ஹைலைட்ஸ்’ என்று போட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் நேரலை என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

வெள்ளைத் திரையும் இப்படித்தான். ஹோட்டன் சமவெளிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்குள்ள ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் காலை ஒன்பது பத்து மணியானால் பள்ளத்தாக்கை மூடிக்கொண்டு முகில் ஏறிவிடும். மலையில் வைத்த எந்தக் கெமராவுக்கும் அதே கதி. திரை வெள்ளையாக இருக்கிறது, ஆனால் மூலையில் மணி ஓடுகிறது என்றால் அங்கே மூடுபனி, அல்லது கண்ணாடியில் ஈரம். வெள்ளையாக இருக்கிறது, மணியும் இல்லை, படத்தைச் சுற்றிய சட்டமும் இல்லை என்றால் பக்கமே ஏறவில்லை. இரவில் ஒரு வெள்ளைக் கயிறு குறுக்கே ஆடினால் பயப்பட வேண்டாம். கெமராவின் இரவு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்தி வலை கட்டும்.

மணி நின்றிருந்தால்

இப்போது பீலிக்கு வரலாம். பிரவுசர் ஒரு சிக்கனக்காரன். ஒருமுறை இறக்கிய படத்தைத் தன்னிடமே சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை கேட்கும்போது அதையே எடுத்து நீட்டும். செய்திப் பக்கத்துக்கு இது நல்லது, நேரலைக் கெமராவுக்குக் கெட்டது. கணினியில் கொன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எஃப்5 தட்டினால், சேமித்ததை ஒதுக்கிவிட்டுப் புதிதாக இறக்கும். மெக் கணினியில் கமாண்ட், ஷிஃப்ட், ஆர் மூன்றும் சேர்த்து அழுத்தினால் குரோமிலும் பயர்பாக்ஸிலும் அதே வேலை நடக்கும். போனில் இப்படியொரு விசை இல்லை. அங்கே குறுக்கு வழி, இன்கொக்னிட்டோ டெப்பில் அதே முகவரியைத் திறப்பது.

இந்த இன்கொக்னிட்டோ சோதனையை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யச் சொல்வேன், ஏனென்றால் ஒரே தட்டில் இரண்டு சந்தேகம் தீரும். அந்த டெப் பழைய சேமிப்பைத் தொடாது. கணினிக் குரோமில் நீங்கள் சேர்த்து வைத்த விளம்பரத் தடுப்பான் போன்ற எக்ஸ்டென்ஷன்களும், நீங்களாக அனுமதித்திருந்தால் தவிர, அதில் வேலை செய்யாது. அங்கே படம் வந்தால் குற்றவாளி அந்த இரண்டில் ஒன்று. சேமிப்பென்றால் அந்த ஒரு தளத்தின் சேமிப்பை மட்டும் அழியுங்கள்: குரோமில் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தொட்டால் அதற்கு வழி இருக்கும். எல்லாத் தளத்தின் சேமிப்பையும் ஒரேயடியாகத் துடைத்தால், படம் வருகிறதோ இல்லையோ, பல இடங்களில் மறுபடி பாஸ்வேர்ட் போட வேண்டிவரும். தடுப்பான் என்றால் அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். கெமரா படம் பெரும்பாலும் வேறொரு முகவரியிலிருந்து வருவதால், தடுப்பான் அதை விளம்பரம் என்று எண்ணி வெட்டிவிடுவதுண்டு.

இன்கொக்னிட்டோவிலும் நின்றே இருக்கிறது என்றால் வேறு பிரவுசரில் ஒருமுறை பாருங்கள். டேட்டா மிச்சம் பிடிக்க ஒபேரா மினி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அதன் கடும் சிக்கன முறையில் பக்கம் முதலில் ஒபேராவின் சேர்வருக்கு, அதாவது அவர்களுடைய இணையக் கணினிக்குப் போய், அங்கே சுருக்கப்பட்டு, ஏறக்குறைய ஓர் அசையாப் பக்கமாகத்தான் நம் கைக்கு வரும். படத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் சின்ன நிரல் அதில் சரியாக ஓடாது. பேஸ்புக்கில் வந்த இணைப்பைத் தொட்டுப் பார்ப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அது பேஸ்புக்கின் உள்ளேயே இருக்கும் குட்டிப் பிரவுசரில் திறக்கிறது. மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு வெளிப் பிரவுசரில் திறக்கச் சொல்லுங்கள்.

காலையில் ஒரு டெப்பில் திறந்து வைத்துவிட்டு மாலையில் வந்து பார்த்தால் காலைப் படமே நிற்கிறதா? பார்க்காத டெப்பைப் பிரவுசர் தூங்க வைத்துவிடும். 2021 முதல் குரோம், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் டெப்பின் கடிகார வேலைகளை நிமிடத்துக்கு ஒருமுறைக்குக் குறைத்துவிடுகிறது. போன் திரை பூட்டினால் கிட்டத்தட்ட எல்லாம் நிற்கும். மறுபடி ஏற்றினால் சரி.

வெறும் பெட்டி, சுற்றும் வட்டம், எச்சரிக்கைப் பக்கம்

பக்கம் வருகிறது, தலைப்பு வருகிறது, கெமரா இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சாம்பல் நிறப் பெட்டி. பழைய தளமென்றால் முதல் சந்தேகம் ஃபிளாஷ், அதாவது பிரவுசரில் வீடியோ ஓட்ட முன்பு சேர்த்துக்கொண்ட ஒரு மென்பொருள். ஒரு காலத்தில் வெப்கெம் பக்கங்கள் பல அதை நம்பித்தான் ஓடின; ஜாவாவையும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் அக்டிவ்எக்ஸையும் நம்பியவையும் உண்டு. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அது ஓடாதபடியே தடுத்துவிட்டது. ஜாவாவுக்குக் குரோம் 2015இலும் பயர்பாக்ஸ் 2017இலும் கதவை மூடின. ஆகவே “ஃபிளாஷ் பிளேயர் தேவை” என்று ஒரு பக்கம் சொன்னால் அந்தப் பக்கத்தை யாரும் பல வருடமாகத் திருத்தவில்லை என்று அர்த்தம். அதே கெமராவுக்குப் புதிய முகவரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

“பிளேயரை அப்டேட் செய்ய இங்கே தொடவும்” என்று ஒரு பொத்தான் மின்னினால் தொடவே வேண்டாம். இன்றைக்குக் கெமரா பார்க்க எதையும் இறக்க வேண்டியதில்லை. அதுபோல, அறிவிப்பு அனுப்ப அனுமதி, உங்கள் இருப்பிடத்துக்கு அனுமதி, உங்கள் கெமராவுக்கே அனுமதி என்று கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அவர்களுடைய மலையை நாம் பார்க்க நம் கெமரா எதற்கு?

பூட்டுச் சண்டை இன்னொரு காரணம். தளம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான முகவரியில் இருக்கும், கெமரா மட்டும் பழைய எச்டிடிபி முகவரியிலிருந்து படம் அனுப்பும். 2020 முதல் குரோம் இப்படிக் கலந்து வருவதைப் படிப்படியாகத் தடுக்கத் தொடங்கியது. மற்றவையும் அதே வழிதான். கணினிக் குரோமில் அந்தத் தளத்தின் செட்டிங்குக்குப் போய்ப் பாதுகாப்பற்ற உள்ளடக்கத்தை அனுமதிக்கலாம். பாஸ்வேர்டோ காசோ கேட்காத, வெறுமனே மலை காட்டும் தளத்துக்கு மட்டும் அதைச் செய்யுங்கள். சில கெமராக்களின் முகவரியின் முடிவில் 8080 போன்ற ஓர் எண் ஒட்டியிருக்கும். பாடசாலை, அலுவலக வைஃபை பல அந்த வழியை மூடி வைத்திருக்கும். போன் டேட்டாவில் திறந்தால் வந்துவிடும்.

முக்கோணப் பெட்டி தெரிகிறது, ஓடவில்லை என்றால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். 2018 முதல் குரோம் சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோவை நிறுத்தி வைக்கிறது. ஐபோனில் பெட்டரி மிச்ச முறை போட்டிருந்தாலும் தானாக ஓடாது. யூடியூப் பதித்த பக்கத்தில் “வீடியோ கிடைக்கவில்லை” என்று வந்தால் பெரும்பாலும் நேரலை ஒருமுறை அறுந்து, புதிய முகவரியில் மறுபடி தொடங்கியிருக்கும். பக்கத்துக்காரர் பழைய முகவரியையே பதித்து வைத்திருப்பார். யூடியூப்பிலேயே அந்தச் செனலுக்குப் போனால் புதியது ஓடிக்கொண்டிருக்கும்.

“உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்று பெரிய எச்சரிக்கை வருகிறதா? முதலில் உங்கள் கருவியின் திகதியைப் பாருங்கள். சொன்னால் நம்ப மாட்டார்கள், கொமியூனிகேஷன் கடைகளிலும் பாடசாலைக் கணினி அறைகளிலும் உள்ள பழைய கணினிகளில் இது சாதாரணம். உள்ளே மதர்போர்டில் சிஆர்2032 என்ற ஒரு ரூபாய்க் குற்றியளவு பெட்டரி இருக்கும். அது செத்துப்போனால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் கணினி பல வருடம் பின்னால் போய்விடும். தளம் தான் யார் என்று பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினி 2009இல் இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தால் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை. திகதியைத் திருத்துங்கள், பெட்டரியையும் மாற்றுங்கள். கெமராத் தளம் மட்டுமல்ல, வேறு தளங்களும் அன்றைக்கே திறக்கத் தொடங்கும்.

திகதி சரியாக இருந்தும் பழைய அன்ட்ரொய்ட் போனில் எச்சரிக்கை வருகிறதென்றால் காரணம் போனின் வயது. ஏராளமான சிறு தளங்கள் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழைப் பயன்படுத்துகின்றன, அன்ட்ரொய்ட் 7.1.1க்கு முந்திய போன்களுக்கு அதன் மூலச் சான்றிதழ் தெரியாது. கணினியிலும் வயது கணக்கில் உண்டு. விண்டோஸ் 7க்குக் குரோம் கடைசியாக வந்தது 109ஆம் பதிப்பு, 2023இல். அப்டேட் ஆகாத பிரவுசரில் புதிய வீடியோத் தளம் தடுமாறினால் தளத்தைக் குறை சொல்ல முடியாது.

சுற்றும் வட்டம் பெரும்பாலும் குழாயின் குற்றம், அதாவது சிக்னல். மலைச்சரிவில் ஒரு வளைவு தாண்டினால் சிக்னல் இல்லை என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வீடியோவின் தரத்தை 480 அல்லது 360க்கு இறக்குங்கள். வினாடிக்கு இரண்டரை மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒரு நேரலை, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 1.1 ஜிபி தின்றுவிடும். 150 கேபி புகைப்படம் பத்து வினாடிக்கு ஒருமுறை மாறும் பக்கமென்றால் அதே ஒரு மணிக்கு 54 எம்பிதான். மேகம் பார்க்கப் புகைப்படமே போதும் என்பது என் கட்சி. பெக்கேஜையும் பாருங்கள்: இரவு டேட்டா பகலில் செல்லாது, யூடியூப்புக்கு மட்டும் என்று வாங்கியதில் யூடியூப் அல்லாத வெப்கெம் தளத்தைத் திறந்தால் அது வேறு கணக்கிலிருந்து போகும், அந்தக் கணக்கு காலியென்றால் பக்கமே வராது.

அரிதாக வருபவை இரண்டு. படம் பச்சையாகவோ கறுப்பாகவோ வந்து சத்தம் மட்டும் கேட்டால், கணினிக் குரோமின் செட்டிங்கில் சிஸ்டம் பகுதியில் கிராஃபிக்ஸ் எக்ஸெலரேஷனை (பழைய பதிப்புகளில் ஹார்ட்வெயர் எக்ஸெலரேஷன்) அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். ஒரே தளத்தின் கெமராக்களை ஏழெட்டு டெப்பில் திறந்து, கடைசி ஒன்றிரண்டு மட்டும் வராமல் நின்றால், பழைய முறையில் ஒரு சேர்வரோடு பிரவுசர் ஒரே நேரத்தில் ஆறு இணைப்புகளைத்தான் வைத்துக்கொள்ளும் என்பது காரணமாக இருக்கலாம். இரண்டை மூடுங்கள்.

ஊற்றே வற்றியிருந்தால்

பிரவுசர் எண்ணில் பேசினால் எழுதிக்கொள்ளுங்கள். 404 என்றால் அந்த முகவரியில் எதுவும் இல்லை. 403 என்றால் இருக்கிறது, உங்களுக்குத் தர மறுக்கிறார்கள். 502, 503, 504 என்றால் அவர்கள் பக்கத்துச் சேர்வருக்குச் சுகமில்லை. இங்கே என்ன தட்டினாலும் பயன் இல்லை, சிறிது நேரம் கழித்து வாருங்கள். பக்கம் எல்லாம் சரியாக வந்து, இரண்டு கருவியிலும் இரண்டு இணைப்பிலும் மணி ஒரே இடத்தில் நின்றிருந்தால் கெமராவே நின்றுவிட்டது. கரண்ட் போயிருக்கும், இடி விழுந்திருக்கும், காற்று கம்பத்தைச் சாய்த்திருக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் நம் மலைகளில் இடிக்கும் இடியைப் பார்த்தவர்கள் கெமராக்காரரைத் திட்ட மாட்டார்கள்.

அவருக்கு எழுதலாம். பெரும்பாலான தளங்களில் தொடர்பு முகவரி இருக்கும், கெமரா நின்றது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். “உங்கள் கெமரா வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: “வணக்கம். அருவிக் கெமராவின் படம் உலகப் பொது நேரப்படி நேற்று 04:12உடன் நிற்கிறது. அன்ட்ரொய்ட் போனில் குரோமிலும், விண்டோஸ் கணினியில் பயர்பாக்ஸிலும், போன் டேட்டாவிலும் வைஃபையிலும் ஒரே மாதிரி. இன்கொக்னிட்டோவிலும் மாற்றமில்லை. மற்ற இரண்டு கெமராக்கள் நன்றாக ஓடுகின்றன. இலங்கையிலிருந்து பார்க்கிறேன்.” திரையையும் படம் பிடித்து இணைத்துவிடுங்கள், மூலையில் உள்ள மணி தெரியும்படி.